“ராத்திரி எங்கே படுப்பீங்க?” – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

வீடு இல்லாமல் ரோட்டோரத்திலும் ஸ்டேஷனிலும் கடை வாசலிலும் தூங்குகிறவர்களின் உடல்நலம் பற்றி சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்கள் நிறையவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து, நீளமானவற்றைக் கொஞ்சம் சுருக்கி, இந்த வாரப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன் டாக்டரம்மா. கடை அடைத்த பிறகு வாசலில் ஒரு பெரியவர் படுத்துக்கொள்வார். லீ பஜாரில் மூட்டை தூக்கினவர், எழுபது வயது இருக்கும், சுகர் இருக்கிறது. காலில் புண் வந்து ஜி.ஹெச்.சில் சேர்த்தோம், நன்றாகவே பார்த்து அனுப்பினார்கள். ரெண்டே வாரத்தில் புண் மறுபடி அழுகிவிட்டது. மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்று எல்லோரும் அவரைத் திட்டுகிறார்கள். அவர் மேல்தான் தப்பா? – டீக்கடைக்காரர், சேலம்

பதில்: இல்லை. அவர் பையில் டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கும், வாங்கி நிதானமாக ஒரு தடவை படித்துப் பாருங்கள். காலை உயரத்தில் வைத்துப் படுக்கவும் என்று எழுதியிருப்பார்கள். ஷட்டருக்கு முன்னால் இருக்கிற நாலடி இடத்தில், பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்கள் மிதித்துவிடாமல் முழங்காலை மடக்கிப் படுக்கிற மனிதர் எதன்மேல் காலைத் தூக்கி வைப்பார்? புண்ணில் ஈரம் படக்கூடாது என்று இருக்கும், விடியற்காலை பக்கத்துக் கடைக்காரர் வாசல் கழுவும் தண்ணீர் நேராக அவர் கால்மாட்டுக்குத்தான் வரும். இன்சுலினைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று இருக்கும். சித்திரை வெயிலில் நம் ஊரில் 40 டிகிரி அடிக்கிறபோது ஒரு துணிப் பையில் எது குளிர்ச்சியாக இருக்கும்? சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஊசி என்று இருக்கும், ராத்திரி சாப்பாடு கிடைக்குமா என்பதே ஒன்பது மணிக்குத்தான் அவருக்குத் தெரியும். ஓய்வு என்றும் ஒரு வரி இருக்கும். அந்தச் சீட்டில் இருக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு வீட்டை நம்பி எழுதினது, மருத்துவம் தெரிந்தவர்கள் எழுதின சரியான வரிகள்தான், ஆனால் இவரால் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்க முடியாது.

இன்னொன்றும் நடக்கும். மழை நாளில் நீட்டிப் படுக்க இடமில்லாமல் உட்கார்ந்தபடியே தூங்குவார். ராத்திரி முழுக்கக் கால் தொங்கிக்கொண்டே இருந்தால் ரத்தமும் நீரும் கீழே தேங்கிக் கால் வீங்கும், வீங்கின காலில் எந்தப் புண்ணும் சீக்கிரம் ஆறாது. சுகரால் பாதம் மரத்துப்போயிருக்கும் என்பதால் எலி கடித்தால்கூட காலையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். கட்டு அவிழ்ந்தால் ஈ உட்காரும், புழு வைக்கும். அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் இப்படி வந்து சேர்ந்த கால்களைப் பற்றிச் சொல்வார்கள். அதில் எத்தனையோ கால்களை, தினமும் சுத்தமாகக் கட்டு மாற்றிக் கொஞ்ச நாள் நீட்டிப் படுக்க ஒரு கட்டில் கிடைத்திருந்தால் எடுக்க வேண்டியே இருந்திருக்காது.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. உங்கள் கடை ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் அவருடைய இன்சுலினுக்கும் இடம் கொடுங்கள், ஆனால் ஐஸ் உறைகிற தட்டில் வைத்துவிடாதீர்கள், உறைந்துபோன இன்சுலின் வீண். அடுத்த தடவை ஓ.பி.க்குப் போகும்போது கூட யாராவது போய், “இவருக்கு வீடு இல்லைங்க, கடை வாசலில்தான் படுக்கிறார், ராத்திரி சாப்பாடு நிச்சயம் இல்லை” என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் மருந்தே மாறலாம், ஏனென்றால் சாப்பிடாவிட்டால் சர்க்கரையைத் தாறுமாறாக இறக்குகிற மருந்துகளும் உண்டு, அவ்வளவாக இறக்காத மருந்துகளும் உண்டு. தினமும் கட்டு மாற்ற ஜி.ஹெச். வரை நடக்க வேண்டாம், பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். மரத்துப்போன பாதத்துக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று மெத்தென்று ஒன்று உண்டு, அதையும் கேளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. என்றைக்காவது அவர் வியர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால் குடித்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கினாலும் அப்படித்தான் இருக்கும். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் மூன்று நாலு ஸ்பூன் சர்க்கரை கலக்கி உடனே கொடுங்கள், கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் 108. நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் முதலிலேயே 108-ஐக் கூப்பிடுங்கள். ரோட்டோரத்தில் கிடக்கிறவர் என்பதாலேயே குடிகாரர் என்று முடிவு கட்டி யாரும் கிட்டப் போவதில்லை, அந்த ஒரு மணி நேரத்தில் மூளையோ உயிரோ போய்விடுகிறது.

அரசு மருத்துவமனைகளில் ஓ.பி. சீட்டு எழுதும்போது பேர், வயசு, ஊர் கேட்கிறோம். “ராத்திரி எங்கே படுப்பீங்க?” என்று நாலாவதாக ஒரு கேள்வியும் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பதில் தெரியாமல் எழுதுகிற மருந்துச் சீட்டு பாதி மருத்துவம்தான்.

கேள்வி: வீடு இல்லாததால் நோய் வருகிறதா, நோய் வந்ததால் வீடு போகிறதா? வகுப்பில் பெரிய வாக்குவாதமே நடந்தது. – கல்லூரி மாணவி, கோரிமேடு

பதில்: இரண்டும்தான், ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டே போகும். கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிற ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு, தறி முதலாளியிடம் வாங்கின முன்பணம் பாக்கி இருக்கிறது. இருமல் நிற்கவில்லை, காசநோய் என்று தெரிகிறது. மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், ஆனால் நாலு மாதம் தறியில் நிற்க முடியாத உடம்புக்குக் கூலியை யார் கொடுப்பார்கள்? முதல் மாதம் வாடகைக்குக் கடன், இரண்டாம் மாதம் கம்மல், மூன்றாம் மாதம் வீட்டுக்காரர் சாமானை வெளியே வைக்கிறார். மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போகிறார். கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிவிட்டு இவர் புது பஸ் ஸ்டாண்டில் படுக்க ஆரம்பிக்கிறார். வேலை, வாடகை, குடும்பம் என்ற மூன்றில் ஒன்று சரிந்தால் மற்ற இரண்டையும் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாதவர்கள்தான் ரோட்டுக்கு வருகிறார்கள்.

வந்த பிறகு உடம்பு போகிற வேகம் வேறு. தூக்கம்தான் முதலில் போகும். லத்திச் சத்தம், பஸ் ஹாரன், திருட்டுப் பயம், கொசு, மழை என்று துண்டு துண்டாக ரெண்டு மணி நேரம் தூங்குகிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறும், சர்க்கரை கட்டுப்படாது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும், நாள்பட்டால் மனச்சோர்வு பிடித்துக்கொள்ளும். குடியைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. குடியால் ரோட்டுக்கு வந்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ரோட்டுக்கு வந்த பிறகு தூங்குவதற்காக, உடம்பு வலிக்காக, பயத்துக்காகக் குடிக்கத் தொடங்கினவர்களும் நிறைய உண்டு, யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

உங்கள் வாக்குவாதத்துக்கு ஒரு கணக்கும் தருகிறேன். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அரசின் புள்ளியியல் துறையே வீடற்றவர்களின் மரணங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டது. 2021-க்கான கணக்கில் இறக்கும்போது சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. நல்ல அரசு மருத்துவமனைகள் இருக்கிற நாட்டிலேயே இந்த நிலை. நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பிப்ரவரி 28-ஆம் தேதி ராத்திரி வீடற்றவர்களைத் தேடித் தேடி எண்ணினார்கள், 17.7 லட்சம் பேர் என்று வந்தது. ஒரே ராத்திரியில் கண்ணில் பட்டவர்கள் மட்டும்தான் அது, பாலத்தடியில் மறைவாகப் படுத்திருந்த பெண்ணும், அன்றைக்கு லாரி மேல் தூங்கின ஆளும் அதில் இருப்பார்களா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஜங்ஷனுக்கு வெளியே குடும்பமாகப் படுத்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு எப்போது பார்த்தாலும் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது. – இல்லத்தரசி, சூரமங்கலம்

பதில்: அந்த மூக்கொழுகலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சளி விட்டதும் ஒரு பேதி, பேதி நின்றதும் சொறி என்று மாறி மாறி வருகிற பிள்ளைக்குச் சாப்பிடுகிற சோறெல்லாம் நோயோடு போராடவே சரியாகிவிடும், வளர்த்திக்கு மிஞ்சாது. நாலு வயசுப் பிள்ளை ரெண்டரை வயசுப் பிள்ளை மாதிரி இருப்பதற்கும், ரத்தசோகையில் சோர்ந்து கிடப்பதற்கும் இதுதான் காரணம். சொறி சிரங்கு ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து போட்டால் போகாது, குடும்பம் மொத்தமும் ஒரே நாளில் தடவ வேண்டும், துணியெல்லாம் துவைத்து வெயிலில் காய வேண்டும். மாற்றுத்துணியே இல்லாதவர்கள் எதைக் கட்டிக்கொண்டு எதைத் துவைப்பார்கள்? மருந்துக் களிம்பு கொடுக்கும்போது ஆளுக்கு ஒரு செட் துணியும் சேர்த்துக் கொடுத்தால்தான் அந்தக் களிம்பு வேலை செய்யும்.

தாயின் உடம்பை யாரும் கவனிப்பதில்லை. அந்தம்மா ராத்திரி தூங்கவே மாட்டார், பெண் பிள்ளை இருந்தால் கண்டிப்பாகத் தூங்க மாட்டார். கட்டணக் கழிப்பிடத்துக்கு ஒவ்வொரு தடவையும் காசு, ராத்திரியில் பூட்டியும் வைத்திருப்பார்கள் என்பதால் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சேலத்து வெயிலில் வேலை செய்துவிட்டுத் தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் எரிச்சல், நீர்த்தாரைத் தொற்று, சிறுநீரகக் கல் எல்லாம் வரிசையாக வரும். மாதவிலக்கு நாட்களைப் பற்றி நான் விளக்கவே வேண்டியதில்லை.

கர்ப்பமாக இருந்தால் இன்னும் சிக்கல். நம் மாநிலத்தில் கர்ப்பிணி என்று தெரிந்ததும் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவு தொடங்கி மகப்பேறு உதவித்தொகை வரை எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைக் கேட்பார்கள். எந்தத் தெரு, எந்த வார்டு என்று சொல்ல முடியாத பெண் அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே வருவதில்லை. தடுப்பூசியும் அப்படித்தான் தவறிப்போகிறது, ஒன்பது மாதத்தில் ஒரு ஊரில் போட்ட அம்மை ஊசியின் அடுத்த தவணை வருவதற்குள் குடும்பம் வேறு கட்டட வேலைக்கு வேறு ஊர் போயிருக்கும். நீங்கள் அந்தக் குடும்பத்தோடு பேசக்கூடியவர் என்றால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி அட்டை தொலைந்துபோயிருந்தாலும் விட்டுப்போனதைப் போடுவார்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளை இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளியில் சேருங்கள். வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தொடக்கப் பள்ளி என்றால் காலைச் சிற்றுண்டியும் உண்டு, மதியச் சாப்பாடும் உண்டு, அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்தை என்னால் எழுதித் தர முடியாது.

கேள்வி: எங்கள் ஏரியா பூங்காவைச் சுற்றி இப்படிப்பட்டவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சுகாதாரக் கேடு, இருமிக்கொண்டே இருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்குத் தொற்றாதா? போலீஸை வைத்து அப்புறப்படுத்துவதில் என்ன தவறு? – குடியிருப்போர் சங்க உறுப்பினர், அழகாபுரம்

பதில்: தொற்றுமா என்று பயப்படுவதில் தவறில்லை, பிள்ளை பெற்ற யாருக்கும் வருகிற பயம்தான் அது. ஆனால் நீங்கள் கேட்கிற வழியில் போனால் அந்தப் பயம் கூடத்தான் செய்யும். அந்த இருமல் காசநோயாகவே இருக்கட்டும். சரியான மருந்தைத் தொடர்ந்து சாப்பிட ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே அவரிடமிருந்து பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும், ஆனால் முழுக் குணத்துக்கு ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டாவது மாதத்தில் ஒரு ராத்திரி வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே இறக்கிவிட்டால் என்ன ஆகும்? மருந்து அந்தப் பூங்காவிலேயே பையோடு கிடக்கும், அவருக்கு மாத்திரை கொடுத்து வந்த ஊழியருக்கு அவர் எங்கே என்று தெரியாது, பாதியில் விட்ட நோய் மருந்துக்கு மசியாத நோயாக முற்றி, மறுபடி ஏதோ ஒரு பஸ்ஸில், ஏதோ ஒரு ஓட்டலில் நம் எல்லோரோடும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். விரட்டுவதால் ஒரு தெருவில் ஆட்கள் குறையலாம், ஊரில் நோய் குறையாது.

மாறாக இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற யாரையும் சளிப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வார்டு சுகாதார ஆய்வாளரிடம் சங்கமாகவே மனு கொடுங்கள். காசநோய் இருந்தால், அந்த நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வருகிறது, 2024 நவம்பரில்தான் 500-லிருந்து உயர்த்தினார்கள். அது வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் வரும், கணக்குத் தொடங்க முகவரி வேண்டும், அங்கேதான் இவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கூடப் போய் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தால் அதுவே உங்கள் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. சாப்பாட்டுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பு கதை இல்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் கூடுதல் உணவுப் பொருள் கொடுத்துப் பார்த்தார்கள், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் முடிவு வெளியானது.

சுகாதாரக் கேடு என்கிறீர்கள். ராத்திரியும் திறந்திருக்கிற, காசு வாங்காத ஒரு கழிப்பிடம் அந்தப் பூங்காப் பக்கம் இருக்கிறதா? இல்லாத ஊரில் அவர்கள் எங்கே போவார்கள்? திருமணிமுத்தாற்றங்கரையில் காலை வேளையில் ஒரு தடவை நடந்து பாருங்கள், பதில் கிடைக்கும். கழிப்பிடத்துக்காக உங்கள் சங்கம் மாநகராட்சியோடு போராடினால் முதல் கையெழுத்து என்னுடையது.

செலவுக் கணக்கும் பாருங்கள், அதுவும் பொதுப் பணம்தான். ஆரம்பத்தில் ஒரு கட்டும் ஒரு மாத்திரையும் போதும் என்கிற நோய், ரோட்டில் முற்றிய பிறகு அவசரப் பிரிவு, அறுவை சிகிச்சை, ஐ.சி.யூ. என்று போய் நிற்கிறது. அந்தக் கட்டிலுக்காகத் தாரமங்கலத்திலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் வந்த இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார்.

கேள்வி: ஏற்காட்டில் மார்கழிப் பனியில் கடை வாசலில் படுக்கிற முதியவர்களுக்குக் கம்பளி வாங்கிக் கொடுக்கிறோம். போதுமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

பதில்: நல்ல காரியம் ஐயா, நிறுத்திவிடாதீர்கள், ஆனால் மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். சிமெண்டுத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். எஸ்டேட்டுகளில் கிடைக்கிற காலிக் கோணிப்பைகளை ரெண்டு மடிப்பாக விரித்து, அதற்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாலே பாதிக் குளிர் குறையும். 1,500 மீட்டர் உயரத்தில் சாரலும் பனிமூட்டமும் சேர்ந்தால் துணி நனைந்துவிடும், நனைந்த துணியோடு மெலிந்த வயசான உடம்பு இருந்தால் உறைபனி இல்லாமலேயே உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று, நாக்குக் குழறித் தூக்கக் கலக்கமாகப் பேசினால் சரியாகிவிட்டார் என்று அர்த்தம் இல்லை, அதுதான் ஆபத்துக் கட்டம். ஈரத்துணியை மாற்றி, உலர்ந்ததைச் சுற்றி, நினைவிருந்தால் சூடாக இனிப்பு டீ கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிருக்கு ஒரு கட்டிங் போட்டால் இதமாக இருக்கும் என்பார்கள், தோல் சூடாவது போல இருக்குமே தவிர உள்ளே இருக்கிற சூட்டை அது வெளியே விரட்டிவிடும். மூடின அறைக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்க விடவே விடாதீர்கள்.

உங்கள் ஊர் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையில் வீடில்லாமல் நிற்கிற வயசானவர்களில் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களும் இருப்பார்கள். 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலை செய்கிறவருக்கு வீடு கொடுக்கச் சொன்னது, அதனால் வாழ்நாள் முழுக்க லைன் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வேலை போனதும் அந்த வீடும் போகும். முப்பது வருடம் காப்பிப் பழம் பறித்து இடுப்பு ஒடிந்த பாட்டிக்கு, உடம்பு முடியாமல் போகிற அதே நாளில் கூரையும் போகிறது. முதியோர் உதவித்தொகைக்கும் மனைப் பட்டாவுக்கும் ஓய்வு பெறுவதற்கு முன்பே மனு எழுதிக் கொடுக்கிற ஆள் வேண்டும். நீங்கள் ஆசிரியர், எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்கு ரோட்டோரம் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கொடுக்க ஆசை. எது நல்லது? – ஐ.டி.ஐ. மாணவர், அம்மாப்பேட்டை

பதில்: பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாகப் பிரியாணி வேண்டாம் தம்பி, வயிறு தாங்காது, எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு அது ஆபத்தாகக்கூட முடியலாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். பல் போனவர்கள் அதிகம் என்பதால் மென்மையாக இருக்கட்டும். இட்லி, தயிர்சாதம், அவித்த முட்டை, வாழைப்பழம் போதும். மூடி போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றும், ஒரு ஜோடி செருப்பும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் மனநிலை சரியில்லாத ஒரு பெண் கிழிந்த துணியோடு சுற்றுகிறார். யாரிடம் சொன்னாலும் எங்கள் வேலை இல்லை என்கிறார்கள். – ஆட்டோ ஓட்டுநர்

பதில்: அது போலீஸின் வேலைதான். 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு, இப்படித் திரிகிற, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரை அந்தக் காவல் நிலைய அதிகாரி பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர்களுக்கு மனநல சிகிச்சை இலவசம், கார்டு எதுவும் காட்ட வேண்டாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஸ்டேஷனில் எழுத்தில் கொடுங்கள், இடம், நேரம், அடையாளம் எழுதுங்கள், மனு ரசீது வாங்குங்கள், பெண் என்பதால் 181-க்கும் போன் போடுங்கள். பெரும்பாலும் மாத்திரையாலும், மாதம் ஒன்றிரண்டு தடவை போடுகிற ஊசியாலும் நன்றாகத் தேறக்கூடிய நோய்தான். தேறின பிறகு தன் ஊர், பிள்ளைகள் பேர் எல்லாம் சொல்லி வீடு போய்ச் சேர்ந்த பெண்கள் ஏராளம். சென்னையில் 1993-இல் தொடங்கின பேன்யன் அமைப்பு இந்த வேலையைத்தான் இத்தனை வருடமாகச் செய்கிறது.

கேள்வி: மாநகராட்சி விடுதி இருக்கிறது, போய்ப் படுங்கள் என்றால் சிலர் வர மாட்டேன் என்கிறார்கள். இவர்களை என்ன செய்வது? – தன்னார்வலர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஏன் வரவில்லை என்று அவர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள், நியாயமான காரணம்தான் வரும். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்துத்தான் படுக்க வைப்பார்கள். மூட்டை வைக்க இடம் இருக்காது, காலையில் திரும்பிப் பார்த்தால் போயிருக்கும். அதிகாலை மூன்று மணிக்கு காய்கறி லாரி வரும், அப்போது மண்டியில் இல்லாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, விடுதிக் கதவு ஐந்து மணிக்குத்தான் திறக்கும். குடித்திருந்தால் உள்ளே விட மாட்டார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் லட்சம் பேருக்கு ஒரு விடுதி, வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது, பின்னர் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வைத்தது. 2011 கணக்குப்படி சேலம் மாநகராட்சியில் எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள். அப்படியானால் எட்டு விடுதியாவது வேண்டும், மண்டலத்துக்கு இரண்டு. மண்டி, ஸ்டேஷன், ஜி.ஹெச். பக்கத்தில் இருக்க வேண்டும், ஊர்க்கோடியில் கட்டிவிட்டு யாரும் வரவில்லை என்று சொல்லக் கூடாது. அதில் ஒன்றையாவது ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தவர்கள் புண் ஆறும்வரை படுக்கிற இடமாக, தினம் ஒரு நர்ஸ் வந்துபோகிற இடமாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

குடியை நிறுத்தினால்தான் இடம் என்கிற நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கனடாவில் ஐந்து நகரங்களில், மனநோயும் உள்ள இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடற்றவர்களிடம் 2009-இலிருந்து 2013 வரை பார்த்தார்கள். முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம் என்று கொடுத்தபோது, வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களைவிட மிக அதிகமானவர்கள் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள்.

அப்புறம், இடம் கிடைத்து ஒருவரை உள்ளே அழைத்து வருகிறீர்கள் என்றால் விடுதிப் பொறுப்பாளரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். தினமும் குடித்தவர் உள்ளே வந்து சட்டென்று நிறுத்தினால் இரண்டாவது, மூன்றாவது நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவதாகச் சொல்லிக் குழம்பலாம், வலிப்பும் வரலாம். அடம் பிடிக்கிறார் என்று கட்டிப் போடவோ வெளியே அனுப்பவோ கூடாது, உயிர் போகிற நிலை அது, உடனே 108-ஐக் கூப்பிட்டு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லி ஜி.ஹெச்.சில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போதே, டிஸ்சார்ஜ் ஆனால் திரும்ப விடுதிக்குத்தான் வருவார், அவருடைய இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று வார்டு நர்ஸிடம் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.